ஹாஜரா அம்மா ஓடிய இடம்

அன்புள்ள அம்மாவுக்கு ஷம்சாத் ஸலாம் சொல்லி எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? எனக்கு ஜித்தாவில் சாப்பாட்டுக்குக் குறையில்லை.

போன வாரம் நான் வேலை செய்யும் வீட்டு மேடம் உம்ரா யாத்திரை போனபோது, அவர் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள என்னையும் மக்காவுக்குக் கூட்டிப் போனார். ஸபா, மர்வா குன்றுகளுக்கு நடுவில் பச்சை விளக்கு எரியும் இடத்தில் ஆண்கள்தான் ஓட வேண்டுமாம். தெரியாமல் நானும் ஓடிவிட்டேன். கடலூர்க்காரர் ஒருவர், "யம்மா, பொம்பளைங்க ஓடக்கூடாது, நடங்க" என்றார். "மொதல்ல இங்க ஓடுனது ஆம்பளையா பாய்?" என்றேன். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

"புள்ளைய உட்டுட்டுப் போனவ" என்று மாமியார் இன்னும் தெருவெல்லாம் சொல்கிறாராமே. ஹாஜரா அம்மாவும் பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டுத்தான் அங்கே தண்ணீர் தேடி ஓடினார். ஸம்ஸம் ஊற்று கிடைத்தது, அதனால் புகழ்கிறார்கள். என் பிள்ளை ஆரிப், நான் இங்கே இருக்கும்போதே, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தண்ணீர் கேட்டபடியே மவுத்தாகிவிட்டான்.

இங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பெனாசிர் ஊருக்கு வருகிறாள், அவளிடம் ஸம்ஸம் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். யாருக்கும் பங்கு வைக்காமல் அவன் கபரில் ஊற்றுங்கள். தம்பியிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே போங்கள். பெண்கள் கபருஸ்தானுக்குள் வரக்கூடாது என்று வாசலிலேயே தடுப்பார்கள். முட்டி வலித்தாலும் நிற்காதீர்கள் அம்மா, ஓடுங்கள்.

மேடம் கூப்பிடுகிறார்.

ஷம்சாத்