இரண்டு ரீடரில் எது வசதி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன், அதற்கு மேல் கிளறாதே. வேளைக்குச் சாப்பிடுகிறேன், கண்ணாடிக் கடைக்கும் போக ஆரம்பித்துவிட்டேன், லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தால் பொழுது போகிறது.

அன்றைக்குப் போனில் நீ கேட்டபோது, லைன் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். ரெண்டு இ-புக் ரீடர்ல தினமும் படிக்க எது வசதியோ அதை நீங்க வச்சுக்குங்க, இன்னொண்ணை அத்தைக்குக் குடுத்துடலாம், அம்மாவோடதுல இருக்கிறதை நான் இங்கேருந்தே அழிச்சுடறேன் என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவனிடம் திரையைப் பற்றிக் கேட்டால் சொல்லாமல் இருப்பேனா? என்னுடையது பெரிசு, எழுத்தைக் கொட்டை கொட்டையாக வைத்துக்கொள்ளலாம், பேனாவால் கோடு போடலாம், பரீட்சைக்கா படிக்கிறீங்க என்று உன் அம்மா கேலி செய்வாள். ஆனால் படுத்துக்கொண்டு பிடித்தால் கண் அசந்ததும் மூக்கில் விழுகிறது, திரையில் ஈரக் கை பட்டால் அது பாட்டுக்கு நாலு பக்கம் ஓடிவிடுகிறது. அம்மாவுடையது ஒரு கைக்குள் அடங்கும், ஓரத்தில் பொத்தான் உண்டு. அடுப்பு மேடையில் டப்பா மேல் சாய்த்து வைத்து, கை முழுக்க மாவாக இருந்தாலும் முழங்கையால் பொத்தானை அமுக்கிப் படிப்பாளே, உனக்குத் தெரியாதா. ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலும் இரண்டிலும் கண் கூசாது, சார்ஜும் நாள்கணக்கில் நிற்கும். தினப்படிக்கு எது என்றால் சத்தியமாக அவளுடையதுதான்.

ஆனால் புத்தகத்தை இரண்டு தடவை வாங்க வேண்டாமே என்று இரண்டையும் ஒரே அக்கவுண்ட்டில் போட்டுக் கொடுத்தாய் பார், அதில் வந்த கூத்து உனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே நாவலைப் படிப்போம், அவள் குதிரை, நான் நத்தை. நான் திறந்த உடனே, இன்னொரு ரீடரில் இதைவிட முன்னால் போயிருக்கிறீர்கள், அந்தப் பக்கத்துக்குப் போகவா என்று பக்க எண்ணோடு கேட்கும். தெரியாமல் சரி என்று அமுக்கிவிட்டு, யார் செத்தார்கள், யாருக்குக் கல்யாணம் ஆனது என்று புரியாமல் திருதிருவென்று முழிப்பேன். நான் போற இடத்துக்கெல்லாம் பின்னாடியே வராதீங்க என்று சமையலறையிலிருந்து கத்துவாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலைகூடப் படித்தாள் அம்மாடி. அவள் போன பிறகும் அது கேட்கிறது. முதல் தடவை கேட்டபோது அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

நேற்று உன் அத்தை வந்தாள். நீ சொல்லியிருப்பாய் போல, ஆசையாக அம்மாவுடையதை எடுத்து, இதுல எப்படிண்ணா பக்கம் தள்ளுறது என்று பொத்தானில் விரல் வைத்தாள். அவள் தள்ளிக்கொண்டே போனால் அம்மா நின்ற இடம் மாறிவிடுமே. எடுடி கையை என்று கத்திவிட்டேன். பாவம், ஊற்றிய டீயைக்கூடக் குடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டாள். கூடப்பிறந்தவளை இப்படி விரட்டிவிட்டேனே என்று மனசு ஆறவில்லை. நீ போன் பண்ணி விவரத்தைச் சொல், என் வாயால் சொல்ல வராது. அவளுக்குப் பொத்தான் வைத்ததாகப் புதுசு ஒன்று பார்த்து அனுப்பு.

எவ்வளவு மெதுவாகப் படித்தும் போன வாரம் அம்மாவின் பக்கத்துக்கு முந்தின பக்கம் வந்துவிட்டது. அதைத் தாண்டினால் நான்தான் முன்னால் இருப்பேன், அப்புறம் அது ஏன் கேட்கப்போகிறது? விரல் எழவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்துக்கே திரும்பிவிட்டேன். இன்று காலை திறந்ததும் கேட்டது, அங்கே போகவா என்று. இப்போது வேண்டாம் என்று அமுக்கிவிட்டு, கொஞ்சம் படித்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

குட்டியைக் குளிரில் விடாதே, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், அங்கிருந்து எதையும் அழித்துவிடாதே அம்மாடி.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா