பாய் வண்டிக்குப் போகாத இருக்கை

நாகலூர்,
தை 9, வெள்ளிக்கிழமை.

அன்பும் அறிவும் குறைவிலா மகள் புவனாவுக்கு,

உன் தாய் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் இருவரும் குளிருக்குள் ஒருவாறு நலமாக இருக்கிறோம். அவ்விடம் கட்ச் உப்புவெளியின் வெயிலிலும் காற்றாலைகளின் உயரத்திலும் நீ நலம் குன்றாதிருக்கிறாய் என்று அறிவதே எங்களுக்கு வேண்டிய செய்தி. இந்தப் பார்சலைப் பிரித்தவுடன் நீ இருக்கையைத் தேடியிருப்பாய். அது இதற்குள் இல்லை. மடித்த உறையும், நாடாச் சுருளும், காகிதத்தில் வெட்டிய அளவுகளும், இக்கடிதமும் மட்டுமே உள்ளன. நீயும் உடன் பணிபுரிவோரும் உப்புவெளியில் காற்றால் ஓட்டக் கட்டும் பாய் வண்டிக்கு நான் செய்து தருவதாக ஒப்புக்கொண்ட இருக்கை முடிந்துவிட்டது, ஆயினும் அது வராது. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நம் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, உன் குரல் கேட்டதும் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லித் தன் காதருகே வாங்கிக்கொள்வார். அவர் காதில் விழக்கூடாத செய்தி இது, ஆகவே எழுதுகிறேன். பொறுமையுடன் முழுவதும் படி.

மூன்று சக்கரம், ஒரு பாய்மரம், எஞ்சின் கிடையாது, ஓட்டுபவர் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் சாய்ந்து கிடந்து கால்களால் முன் சக்கரத்தைத் திருப்ப வேண்டும் என்று நீ விளக்கி அனுப்பிய தாளை அன்றே அவருக்கு வாசித்துக் காட்டினேன். இருபத்தேழு ஆண்டுகள் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஓட்டியவர் அல்லவா, “எஞ்சினும் இல்ல, கியரும் இல்ல, பிரேக்காவது எங்கியாச்சும் எழுதியிருக்குதா பாரு புள்ள” என்றார். பிரேக் இல்லை, பாயின் கயிற்றைத் தளர்த்தினால் வேகம் குறைந்து நிற்கும் என்று வாசித்தேன். “அப்ப காத்துகிட்டக் கேட்டுத்தான் நிறுத்தோணுமாக்கும்” என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த வீட்டு வெள்ளையம்மாளோ எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துவிட்டு வரும் வழியில் தினமும் வாசலில் நின்று, “ஏனுங்க பூவாயி, புள்ளைக்குக் கல்யாணக் கட்டில் செய்யறீங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன், நீங்க காலில்லாத நாக்காலி செய்யறீங்களே” என்று சிரிப்பாள். பழைய பஸ் சீட்டைப் பிரித்துப் பிரித்தே குஷன் வேலையைக் கற்றவள் நான், எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, இதையும் அவ்வாறே உன் வரைபடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் தூரத்தில் வைத்துக் கற்றேன். பக்கப் பலகை இரண்டு, அடிப்பலகை ஒன்று, முதுகுக்குக் குறுக்கே இழுத்து அடித்த நாடாக்கள், அதன்மேல் மெல்லிய ஸ்பாஞ்சு, நீர் ஏறாத துணியில் உறை. பன்னிரண்டு நாட்கள் பிடித்தது. அதற்குள் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது, இன்னும் வற்றவில்லை.

உன் உடல்வாகு உன் அப்பாவினுடையது, இடுப்பிலிருந்து தோள்வரை இருவருக்கும் ஒரே நீளம். ஆகவே அளவு சரிபார்க்க அவரையே அழைத்தேன். காப்பி மூட்டை தூக்கியபோது முதுகு பிடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன, பத்து நிமிடத்துக்கு மேல் அவரால் எதிலும் உட்கார முடியாது என்பதும், சன்னல் கட்டையில் தட்டை வைத்து நின்றபடியே உண்கிறார் என்பதும் நீ அறிந்தவை. “எந்தச் சீட்டுல உக்காந்தாலும் எனக்கு ஒரே கதிதான், உடு” என்று மறுத்தார். இரண்டு நிமிடம் என்று கெஞ்சினேன். பனி இறங்கிவிட்டதால் இருக்கையை வாசலிலிருந்து முன்னறைக்கு இழுத்து வந்திருந்தேன், சிமெண்டுத் தரையில் வைத்து அவரை அமர்த்தி, தோள் உயரத்தைக் குறித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். சோறு வடித்து, ரசம் தாளித்து, இரண்டு அப்பளம் சுட்டு முடித்துத் திரும்பினால் அவர் எழுந்திருக்கவே இல்லை. “புள்ள, இங்கியே கொண்டாந்து குடு” என்றார். தட்டை மடியில் வைத்து, உட்கார்ந்து, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டார். உண்டபின் அப்படியே கண்ணயர்ந்தார். நான் தட்டைக்கூட எடுக்காமல் நின்றிருந்தேன்.

மறுநாள் காலை, பலகை அறுத்துத் தந்த தச்சர் ஜெப்சன் இடுப்பு வாருக்கு ஒரு பக்கிள் கொண்டுவந்தார். இருக்கையைப் பார்த்ததும், “ஏனுங்கக்கா, இது வண்டி சீட்டுங்களா, தூங்கற சீட்டுங்களா? இதுல சாஞ்சா புள்ளைக்கு முன்னால ஒண்ணும் தெரியாதுங்களே, வானந்தான் தெரியும்” என்று சிரித்துவிட்டு, தன் பையிலிருந்து மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து முதலில் முன்னறைத் தரையிலும் பிறகு வாசலிலும் வைத்துக் காட்டினார். பிழை என்னுடையது. நம் மலையில் எந்த வாசல் மட்டமாக இருக்கிறது? தரையை நம்பி இங்கே யாரும் அளப்பதில்லை, கதவு வைத்தாலும் அலமாரி வைத்தாலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டே அளப்போம். நானும் அந்தப் பழக்கத்தில், வாசலில் சட்டத்தை நிறுத்தித் தூக்குநூலுக்கு அளந்து, நீ கேட்ட நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வை வைத்து முடுக்கிவிட்டேன். வாசல் சாலையை நோக்கி இறங்குகிறது, இருக்கையும் சாலையை நோக்கியே நின்றது, அங்கே எல்லாம் சரியாக இருந்தது. மட்டமான தரைக்கு வந்தவுடன் முதுகு ஏழு டிகிரி கூடுதலாகப் பின்னால் சரிந்துவிட்டது. உன் உப்புவெளியோ இந்தச் சிமெண்டுத் தரையைவிட மட்டம் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

திருத்துவது கடினமன்று. பக்கப் பலகைகளின் பின் மூலையை அறுத்து, முதுகை நிமிர்த்தி மறுபடி முடுக்கினால் போதும், ஒரு மணி நேர வேலை. உறையைக் கழற்றினேன், பென்சிலால் கோடும் போட்டேன். ஏனுங்க, கொஞ்சம் எந்திரிங்க, அறுக்கோணும் என்றேன். மறுபேச்சின்றி எழுந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அறுத்துக்க புள்ள. அது எம்புள்ளைக்குச் செஞ்சது, நான் அளவுக்கு உக்காந்தவன்” என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. குறைபட்டிருந்தால் நான் அறுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன். அறுக்குமுன் ஒன்றைச் சோதித்தேன். இருக்கையின் பின்புறத்துக்கு அடியில் மரத்துண்டுகளை வைத்து ஏழு டிகிரி நிமிர்த்தி, மீண்டும் அமரச் சொன்னேன். எட்டாவது நிமிடம் உதட்டைக் கடித்தபடி எழுந்துகொண்டார். மரத்துண்டுகளை எடுத்துவிட்டு, ரம்பத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். ஒப்புக்கொண்ட வேலையை இதுவரை ஒருவருக்கும் நான் தராமல் இருந்ததில்லை, அந்த முதல் ஆளாக நீ வாய்த்திருக்கிறாய் கண்ணு.

இன்னொன்று செய்யலாமே என்று உனக்குத் தோன்றும். இந்தக் கை ஊசியைப் பிடிக்கிறது, ரம்பத்தைப் பிடிக்க மறுக்கிறது, அதைவிட, மனமும் மிகவும் களைத்திருக்கிறது. மாசியில் உங்கள் வண்டி ஓட வேண்டும் என்பதால் நீயே செய்துகொள். காகித அளவுகளைப் பலகைமேல் ஒட்டி அறு, நான் செய்ததுபோல் தூக்குக்குண்டு கட்டாதே, உனக்குக் கிடைத்திருக்கும் மட்டமான தரையிலிருந்தே சாய்வை அளந்துகொள். நாடா இடுப்புக்கு மூன்று, தோளுக்கு இரண்டு, ஒரு முனையை அடித்தபின் முழங்காலால் பலகையை அழுத்திக்கொண்டு மறுமுனையை இழு, கையால் மட்டும் இழுத்தால் ஒரு வாரத்தில் தொய்ந்துவிடும். அடிப்பலகையில் நான்கு துளைகள் போடு, உப்பு நீர் தேங்கக்கூடாது. இடுப்பு வாரைப் பலகையில் பூட்டவே பூட்டாதே, வண்டியின் இரும்புச் சட்டத்தில் பூட்டு, ஒரு சக்கரம் தூக்கினாலும் நீ வண்டியோடு இருக்க வேண்டும். உறை உன் அளவுக்கே தைத்தது, சாய்வு மாறினாலும் பொருந்தும். வேகமாகச் செய்ய வேண்டும் என்று பட்டினி கிடக்காதே.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. இவ்வாண்டு பழம் பிந்திப் பழுத்ததால் எஸ்டேட்டில் இன்னும் பறிப்பு முடியவில்லை, வெள்ளையம்மாள் இருட்டுமுன் வீடு வந்து சேர்வதே அரிதாக இருக்கிறது. சேர்வராயன் கோயிலுக்கு உன் பெயரில் ஒரு அர்ச்சனை செய்ய நினைத்து இரண்டு வாரமாகத் தள்ளிப்போகிறது, பஸ்ஸுக்கு நிற்க உடம்பில் தெம்பில்லை.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இருக்கையை அடுத்த வாரம் அறுத்து அனுப்பப் போகிறேன் என்றே உன் அப்பா நினைத்திருக்கிறார். பழைய கம்பளியை அதன்மேல் விரித்துக் கொடுத்திருக்கிறேன். “எப்ப அறுக்கறே, புள்ளைக்கு நாளாகுதில்ல” என்று தினமும் கேட்கிறார். கேட்டுவிட்டு, முழுதும் சாயாமல் விளிம்பிலேயே உட்கார்ந்துகொள்கிறார். பழகிவிடக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார் என்பது எனக்குத் தெரிகிறது. உனக்குரியதைத் தான் வைத்துக்கொண்டதாகத் தெரிந்தால் அன்றைக்கே ஜெப்சனை அழைத்துக் கட்டி ஏற்றிவிடுவார். ஆகவே வரும் ஞாயிறு அழைக்கும்போது நீயே அவரிடம் சொல். அங்கே வேறு இருக்கை பொருத்திவிட்டோம், அம்மா செய்தது வண்டிக்குப் பொருந்தாது, சாய்வைத் தவறாக வைத்துவிட்டார்கள், அனுப்ப வேண்டாம் என்று சொல். என் வேலையைக் குறை சொல்லத் தயங்காதே, அவர் காதுபடவே சொல், நானும் வாய் திறவாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உன் வண்டியும் வாழ்வும் கவிழாமல் ஓடட்டும். நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெற்று, உடன் பணிபுரிவோர் மதிக்க நீ வாழ வேண்டும் என்று பெற்ற இருவரின் ஆசியும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே சாமி, சொல்லும்போது சிரித்துவிடாதே, அழுதும்விடாதே. கோபமாகச் சொல். அப்போதுதான் நம்பி அவர் நன்றாகச் சாய்ந்து உட்காருவார்.

என்றும் உன் நலம் நாடும் தாய்,
வே. பூவாயி