குறுக்குக் கோடு போட்ட தரை

3 ஜூன், செவ்வாய்

கத்தரி முடிந்துவிட்டதாம், காலண்டரில். வீட்டுக்குள் அனல். காலையில் சாப்பாட்டு அறையில் இரண்டு டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டி எழும்பி நிற்கின்றன. அடியிலிருந்து ஏறுகிற உப்பு. எங்கள் தலத்தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான்.

என் வீட்டுக்காரர் கால்விரல் அதில் தட்டிவிட்டது. ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. ஓடிப்போய்த் தாங்கினேன். "ஒண்ணுமில்ல, போ." என் மேல்தான் எரிச்சல்.

முழுவதையும் பெயர்த்துவிட்டு வேறு தரை போட்டே ஆக வேண்டும்.

மின்துறையில் கம்பம் ஏறிய மனிதர். இப்போது டம்ளரை எடுத்தால் பாதி சட்டையில். பார்க்கின்சன் என்று பெயர் தெரிந்து சில வருடங்கள். நடுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கால் ஒட்டிக்கொள்வதுதான் பெரும்பாடு. நிலைப்படிக்கு வந்தால் நட்டுவைத்த மாதிரி நின்றுவிடுவார். பின்னால் நின்று "வாங்க, வாங்க" என்றால் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

இந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட்டே ஒரு வருடம் ஆகப்போகிறது. போன மாங்கனித் திருவிழாவன்று கடைசி. அன்றிலிருந்து தட்டு படுக்கையறைக்குப் போகிறது. கதவை ஒருக்களித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுகிறார். நான் அடுப்படியில் நின்றுகொண்டே. இரண்டு பேர் உள்ள வீட்டில் இரண்டு பந்தி.

எனக்கு ஆசை ஒன்றுதான். இந்த மாங்கனிக்குக் கொழுந்தனார் வரும்போது இவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

வாங்க: பி.பி. மாத்திரை, துவரம்பருப்பு, நல்லெண்ணெய்.

5 ஜூன், வியாழன்

கொழுந்தனார் ரவி பாரிஸிலிருந்து வாட்ஸ்அப்பில் படங்களாக அனுப்புகிறார். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்தில் பெண் எடுத்துப் போனவர். வீட்டில் பாதி அவருடையது, அதனால் தரையிலும் அவருக்குப் பாதிப் பேச்சு உண்டு.

படங்கள்:
வெள்ளை மார்பிள், சாம்பல் ரேகை, கறுப்பு மேஜை. மேலே கூடையைக் கவிழ்த்த மாதிரி ஒரு விளக்கு.
பாலிஷ் போட்ட கான்கிரீட், பலகை மேஜை, பெஞ்சு. கொஞ்சம் ஆஸ்பத்திரிக் களை.
கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக. பார்த்த எனக்கே தலை சுற்றியது.

எதிலும் கை கழுவ இடம் இல்லை. எதிலும் சாப்பிடுகிற ஆள் இல்லை.

போனில்: "அண்ணி, வெள்ளை மார்பிளே போட்டுருவோம். அண்ணன் வந்து ஒக்காந்தா ராஜா மாதிரி இருக்கணும். நான் கடையில பேசி அட்வான்சும் குடுத்துட்டேன்."

கொடுத்தாயிற்றாம். அப்புறம் என்னிடம் படம் எதற்கு? ஆனாலும் அண்ணன் மேல் உயிர். அதில் குறை சொல்ல முடியாது.

9 ஜூன், திங்கள்

பள்ளி அலுவலகம். அட்மிஷன் கூட்டம். தொண்டை கட்டிவிட்டது. பக்கத்து மேஜை பரீதா பெருநாள் பலகாரம் கொண்டுவந்தார். மார்பிள் பேச்சை எடுத்தேன்.

"அழகுதான், இல்லேங்கல. எலுமிச்சம்பழம், ரசம் எது விழுந்தாலும் அந்த எடம் வெளுத்துப் போயிடும். அது கெடக்கட்டும். எங்க வாப்பா அதுலதான் வழுக்கி விழுந்தாங்க. அப்பறம் எந்திரிக்கவே இல்ல."

அதன் பிறகு இருவரும் வேலையைப் பார்த்தோம்.

11 ஜூன், புதன்

லேசான தூறல், புழுக்கம் குறையவில்லை. கடையிலிருந்து மாதிரிக்கு ஒரு மார்பிள் பலகை இறக்கிவிட்டுப் போனார்கள். நடையில் படுக்கவைத்திருந்தேன். நல்ல வழுவழுப்பு. கை வைத்தால் குளுகுளுவென்று, எனக்கே சபலம் தட்டியது.

இவர் பாத்ரூமுக்குப் போகிறவர் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"தண்ணி கெடக்கு. தொடச்சு விடு."

"தண்ணி இல்லீங்க, கல்லு."

"தண்ணிங்குறேன்ல."

துணி எடுத்துவந்து துடைத்தேன். காய்ந்த கல்லை. பளபளப்பு இன்னும் கூடியது. சுவரோரமாக ஒட்டிப்போய் அதைச் சுற்றிக்கொண்டு போனார். அறை முழுக்க இதைப் போட்டால் எந்தச் சுவரோரமாகப் போவார்?

மார்பிள் கிடையாது. ரவியிடம் எப்படிச் சொல்வது?

16 ஜூன், திங்கள்

டைல்ஸ் பெயர்ப்பு. அரை நாள் லீவு. அந்தோணி மேஸ்திரி, திருவேட்டக்குடிக்காரர், நாலு வார்த்தை பேசினால் அதிகம். ரேடியோ மட்டும் ஓயாமல் பாடுகிறது. ஊறுகாய் ஜாடிக்குள்கூடத் தூசி. மேஜையைக் கொல்லைப்பக்கம் போட்டு மூடியாயிற்று.

மேஸ்திரி: "மார்பிள் எப்ப வருதுங்க?"

"வரும், வரும். அடிக் கான்கிரீட்டைப் போடுங்க."

இன்னும் ரவியிடம் சொல்லவில்லை. கோழை.

21 ஜூன், சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். கை ஓடவில்லை.

அடிக் கான்கிரீட் காய்ந்துவிட்டது. கல் பதிக்க அளவு வைத்து மேஸ்திரி நூல் அடித்தார். நீலப்பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட, தரையில் நேர்கோடு விழுகிறது. குறுக்கே, குறுக்கே, அறை நெடுகிலும். நெடுக்குக் கோடு அடிப்பதற்குள் பசி வந்து, வெளியே போய்ச் சோற்றுத்தூக்கைத் திறந்துவிட்டார்.

நான் அடுப்படியில் கீரை வதக்கிக்கொண்டிருந்தேன். படுக்கையறைக் கதவு சத்தம். வழக்கமாக நிலைப்படியில் நிற்பார், நான் போய்க் கையைப் பிடிப்பேன். இன்று போவதற்குள் உள்ளே வந்துவிட்டார். முதல் கோட்டைத் தாண்டி ஒரு கால். அடுத்த கோட்டைத் தாண்டி அடுத்த கால். தேய்ப்பு இல்லை, தயக்கம் இல்லை. வாய்க்கால் தாண்டுகிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கிவைத்து, அறையைக் கடந்து கொல்லைக் கதவுவரை வந்துவிட்டார். இந்த நடையை எவ்வளவு நாளாகப் பார்க்கவில்லை.

கோடு முடிந்த இடத்தில் கால் ஒட்டிக்கொண்டது.

பீரோவில் பள்ளிக்கூடச் சாக்பீஸ் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து இவர் காலுக்கு முன்னால் குனிந்து ஒரு கோடு போட்டேன். தாண்டினார். இன்னொன்று. தாண்டினார். மூன்றாவது போடுமுன் நிமிர்ந்தபோதுதான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்னடி, எனக்குக் கோலம் போடுறியா?"

அப்படி ஒரு கோபம். கண் கலங்கியிருந்தது. நான் சாக்பீஸைக் கைக்குள் மூடிக்கொண்டேன். திரும்பி நடந்தார். திரும்பும்போதும் அதே நீலக் கோடுகள் மேல்தான், ஒட்டாமல் போனார். கதவை அடைத்துக்கொண்டார்.

மேஸ்திரி கை கழுவிவிட்டு உள்ளே வந்து நெடுக்கு நூலை எடுத்தார். "வேணாம், விடுங்க" என்றேன். நூலைச் சுருட்டிவைத்தார்.

கீரை கருகிவிட்டது.

23 ஜூன், திங்கள்

புதுச்சேரி டாக்டருக்குப் போன். ஆமாம், சிலருக்குத் தரையில் குறுக்குக் கோடு இருந்தால் கால் நகரும் என்றார். நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பதும் உண்டாம். இத்தனை நாள் எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு வேறு கேட்டேன்.

"எத்தனை நாளைக்குக் கேக்கும் டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. கேக்குற வரைக்கும்."

24 ஜூன், செவ்வாய்

காலையில் இவர் குளித்துவிட்டு வரும்போது ஈரப் பாதம் சிமெண்டில் பதிந்தது. காய்வதற்குள் ஒரு நூலால் அடிக்கு அடி அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கடையில் சேலைக்கு ஜாக்கெட் துணி பொருத்தியதுண்டு, புருஷன் நடைக்குத் தரை பொருத்துவது இதுதான் முதல்.

முடிவு: சாம்பல் கான்கிரீட், வழுவழு பாலிஷ் கிடையாது. குறுக்கே கறுப்புக் கடப்பாக்கல் பட்டைகள், தரை மட்டத்துக்கே, தடுக்காமல். படுக்கையறை நிலையிலிருந்து மேஜைவரை, மேஜையிலிருந்து கை கழுவும் இடம்வரை. கூடை விளக்கு வேண்டாம், நிழல் விழும். நாற்காலிக்குக் கைப்பிடி அவசியம்.

சாயங்காலம் ரவிக்குப் போன். நானே வரைந்த படத்தை அனுப்பியிருந்தேன்.

"என்ன அண்ணி இது, டைனிங் ஹாலா, ரயில்வே லைனா? வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

கோடு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அதற்கும் சமாதானம் வைத்திருந்தார். "சரி, அண்ணனுக்குத் தட்டு ரூமுக்குத்தானே போவுது? ஹாலை நல்லபடியா மார்பிள்ல போட்டுட்டு, ரூமுக்குள்ள வேணா கோடு போடுங்க."

சொல்லக் கூடாது என்று ஒரு வருடமாக வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"தட்டு ஏன் ரூமுக்குப் போவுதுன்னு தெரியுமா தம்பி? போன மாங்கனிக்கு அவருக்குக் கை நடுங்கி சோறு செதறுச்சுல்ல. நீங்க எந்திரிச்சு வந்து, எல்லாரும் பாக்க, தட்டை வாங்கி ஊட்டுனீங்க. அன்னைக்கு மூடுன கதவுதான்."

அந்தப் பக்கம் ரவி எழுந்துபோய் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"நான் பாசத்துலதான் அண்ணி..."

"தெரியும் தம்பி. அவருக்கும் தெரியும். அதனாலதான் ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லல."

போனை வைத்த பிறகு எனக்கும் அழுகை. பாவம், அவரும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

27 ஜூன், வெள்ளி

காலையில் ரவியிடமிருந்து ஒரு வரி: "உங்க இஷ்டப்படி போடுங்க அண்ணி."

மார்பிள் அட்வான்சைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறான் கடைக்காரன். மாடியில் ரவி வந்தால் தங்குகிற அறைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். ஆசைப்பட்டவர் நடக்கட்டும்.

தரை போட்டாயிற்று. சிமெண்ட் இறுக, அறையைச் சுற்றி வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார் மேஸ்திரி. நாற்றங்கால் மாதிரி இருக்கிறது. இவர் கதவருகே நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கறுப்புப் பட்டைகள் தண்ணீருக்கடியில் தெரிகின்றன.

"தண்ணி கெடக்கு" என்றார் கடைசியில்.

"இது நெசத் தண்ணிதாங்க."

சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வரவில்லை.

5 ஜூலை, சனி

லேசாகத் தேய்த்து முடித்தார்கள். அழகா? சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏணியைப் படுக்க வச்சாப்புல இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும்.

குழித்தட்டு வாங்கினேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி. இவருக்கு மட்டும் என்று தனித்தட்டு கிடையாது.

மேஜை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இவர் இன்னும் வரவில்லை. பட்டைகள் மேல் நடந்து பாத்ரூம் போகிறார், வருகிறார். கால் ஒட்டவில்லை. சாப்பிட மட்டும் உள்ளே. நான் வற்புறுத்தவில்லை. மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன், எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு. நின்றுகொண்டு சாப்பிட்டதே தேவலை.

10 ஜூலை, வியாழன். மாங்கனி

பௌர்ணமி. சுள்ளென்று வெயில். ரவி நேற்றே வந்துவிட்டார், இந்தத் தடவை தனியாக. இளைத்திருக்கிறார். வந்ததும் தரையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பட்டையாகத் தாண்டி நடந்துபார்த்தார்.

காலையில் பாரதியார் வீதிப் பக்கம் சரியான கூட்டம். மாடிகளிலிருந்து மாம்பழம் வீச, கீழே ஆயிரம் கைகள். ரவி ஒரு பழம் பிடித்துக்கொண்டு வந்தார், ஒரு பக்கம் நசுங்கியது. சட்டையெல்லாம் சாறு.

இவர் வீட்டு வழக்கம், மாங்கனியன்று வெளியிலிருந்து வந்த ஒருவருக்குத் தயிர்சாதமும் மாம்பழமும் வைத்து, அவர் சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரர்கள் சாப்பிடுவது. வைப்பது எப்போதும் இவர்தான். போன வருடம் அது நின்றுபோனது.

மேஜையில் தயிர்சாதம் போட்டேன். பழத்தை நறுக்கி நடுவில் வைத்தேன். ரவி உட்கார்ந்தார். கதவைப் பார்க்கவே இல்லை. நான் சொல்லியிருந்தேன், கூப்பிடக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, உதவக் கூடாது. மேஜைக்கடியில் கை இரண்டையும் இறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தார்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. தயிர்சாதம் ஆறினால் என்ன.

கதவு திறந்தது. நிலைப்படியில் நின்றார். கால் நகரவில்லை. என் கால் தானாக எழுந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். குனிந்து முதல் பட்டையைப் பார்த்தார். தாண்டினார். அப்புறம் அடுத்தது. ஒவ்வொன்றாக மேஜைவரை வந்துவிட்டார்.

தன் நாற்காலியில் உட்காரவில்லை. ரவி பக்கத்தில் வந்து நின்றார். நடுத்தட்டிலிருந்து ஒரு துண்டு மாம்பழத்தை எடுத்தார். கை ஆடியது, துண்டு தரையில் விழுந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும் விழுந்தது. ரவி கண்ணை மூடிக்கொண்டார். அசையவில்லை. அடுத்த துண்டு ரவியின் தட்டில் வந்து விழுந்தது.

"சாப்புடு தம்பி."

ரவி சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார். இவர் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, தட்டைத் தானே இழுத்துக்கொண்டார். சட்டையில் தயிர், மேஜையில் தயிர். யாரும் துடைக்கவில்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம். எனக்கு ருசி ஒன்றும் தெரியவில்லை, வயிறு நிறைந்தது.

11 ஜூலை, வெள்ளி

மேகமூட்டம். மாம்பழம் விழுந்த இடத்தில் தரையில் மஞ்சளாகக் கறை. புது கான்கிரீட் குடித்துவிட்டது, தேய்த்தும் போகவில்லை. மேஸ்திரி ஆசிட் போட்டால் போகும் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காலை இட்லி மேஜையில், மூன்று பேரும். காப்பி அரை டம்ளர்தான் ஊற்றுகிறேன், எல்லோருக்கும்.

இவர் எழுந்து படுக்கையறைக்குப் போனார். நிலைவரை சரியாகப் போய், உள்ளே பட்டை இல்லாத இடத்தில் நின்றுவிட்டார். முதுகு மட்டும் தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. ரவியும்.

திரும்பாமலேயே சொன்னார்:

"உள்ளயும் கோடு போடச் சொல்லு. கட்டில் வரைக்கும்."

மேஸ்திரிக்குப் போன் செய்ய வேண்டும்.