பலகையின் நான்கு முனைகள்

அன்பு மருமகளுக்கு உன் மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு இப்படி ஒரு முழங்காலைத் தன் சர்வீஸிலேயே கண்டதில்லை என்று எழுந்து நின்றுவிட்டார். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இந்த வருஷம் நம் தோட்டத்து உருளைக்கிழங்கு ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம், உன் அத்தை ஒன்றை இடுப்பில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கேட்டால் இல்லை என்பாள், நம்பாதே.

அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கச் சொல்லி நீ அனுப்பிய தாள்கள் செவ்வாய்க்கிழமை வந்தன. மலைப் பெண்களின் வாழ்க்கையை ஆராய்ந்து புத்தகம் போடுகிற ஒருத்தியைத் தாயும் தகப்பனுமாக நின்று வளர்த்தவன் நான், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் அனுப்பிவிட்டாலும் எழுத்துக்கூட்டி ஒரு வரி விடாமல் படித்தேன். உன் பிறப்பைப் பற்றிய பக்கத்தை மட்டும் மூன்று தடவை. வலி எடுத்த என் அக்காவை நான் முதுகில் சுமந்து, கொட்டுகிற மழையில் ஏழு மைல் ஒற்றையடிப் பாதையில் ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன் என்று அழகாக எழுதியிருக்கிறாய். அதை மாவு மில்லுக்கு எடுத்துப்போய், கரண்ட் இருக்கும்போதே மெஷினை நிறுத்தி, தானிய மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பெண்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினேன். பெல்ட் ஓய்ந்து மாவுத் தூசி அடங்கியும் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் குரலில் மயங்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் நம் நெட்டையம்மா, அதுதான் இப்போதும் விறகு சுமக்கிற அந்த உயரமான அம்மாள், ஏண்டா, வலி எடுத்தவள யாராச்சும் முதுகுல தூக்குவாங்களா, வயித்த எங்கடா வச்ச, தலையிலயா என்று கேட்டாள். மில்லே சிரித்தது. எனக்கு அப்போது யானை பலம் என்று ஆரம்பித்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். எல்லாம் சரி, எங்க தோள்ல இருந்த பலகை எங்க போச்சு என்று மெதுவாகத்தான் கேட்டாள். அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கண்ணு, அந்தப் பலகை நம் வீட்டு வாசல் கதவு. கீழ்க்காட்டு வேலைக்கு என்னைத் தவிர, உன் அப்பா உட்பட ஆண்கள் எல்லாரும் போயிருந்த மாதம் அது. நெட்டையம்மா கதவைக் கழற்றினாள், நான்கு முனையை நான்கு பெண்கள் பிடித்தார்கள். அவள், விறகு விற்ற அக்கா தங்கை இருவர், பள்ளிக்கூடம் கூட்டுகிற ஆயா. அந்தப் பாதை அவர்கள் தினமும் சுமையோடு ஏறி இறங்குகிற பாதை, எந்தக் கல் ஆடும் என்று கால்விரலுக்கே தெரியும். இறக்கத்தில் உயரமானவர் முன்னால் பிடித்தால்தான் பலகை சாயாமல் இருக்குமாம், முன்பாரம் முழுக்க அவள் தோளில். இன்றைக்கும் அவளுடைய வலது தோள் இரண்டு விரல் தாழ்ந்திருக்கிறது, தினம் பார்த்தும் ஏன் என்று நான் கேட்டதில்லை. பால்காரி குடை பிடித்து வந்தாள். தூரம் மூன்று மைல்தான். உனக்கு ஐந்து வயதில் அம்மா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனாள் என்று கேட்டு நீ அழுதபோது முதன்முதலாக முதுகில் சுமந்த கதையைச் சொன்னேன், நீ அழுகையை நிறுத்தினாய், அதற்கப்புறம் நீ வளர வளர மைலும் வளர்ந்தது. போன வருஷம் நீ ரெக்கார்டரோடு வந்து மில்லில் இவர்களிடமே கேட்டாயே, அப்போதும் அவர்கள் தொண்டையைச் செருமுவதற்குள் நான்தான் பதில் சொன்னேன். எல்லா நாடாவிலும் என் குரல்தான் இருக்கும், போட்டுப் பார்.

இன்னொன்று. உன் அம்மா கடைசியாக என்னைப் பார்த்து, பிள்ளையை உன் கையில் தருகிறேன் என்றாள் என்று சொல்லியிருக்கிறேன், அதையும் எழுதியிருக்கிறாய். நீ பிறந்த பிறகு அவள் உயிரோடிருந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை, நான் அவள் முகத்தையே பார்க்கவில்லை. நான் கேட்டு அவள் கடைசியாகச் சொன்னது பாதையில்தான், அதையும் வேண்டுமென்றே மறந்துவிட்டிருந்தேன், நெட்டையம்மா எடுத்துக் கொடுத்தாள். பலகையில் படுத்து வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என் அக்கா, எனக்கு குடை வேணாம், தம்பி சறுக்குறான், அவன் கையை யாராச்சும் பிடிங்க என்றாளாம். எனக்குப் பத்தொன்பது வயது, ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். பால்காரி குடையை மடக்கிவிட்டு என் கையைப் பிடித்தாள், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடவில்லை. உன் அம்மா மீதி வழி முழுக்க நனைந்தாள். இதில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்ட இடமும் இல்லை.

ஆகையால் அச்சகத்துக்கு இன்றே போன் போட்டு அந்தப் பக்கத்தை நிறுத்து. நாலு முனையிலும் யார் பிடித்தார்கள் என்று எழுது, தங்கைக்காரி செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, அவளை விட்டுவிடாதே. பால்காரியைக் கேட்டேன், அவன் கை அப்ப ஐஸ் மாதிரி இருந்துச்சுன்னு போடச் சொல்லு, வேற ஒண்ணும் வேணாம் என்றாள். அடுத்த தடவை ரெக்கார்டரோடு வந்தால் என்னை மில்லுக்குள் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவர்களிடம் பேசு. உன் அத்தை பின்னிய ஸ்வெட்டர் பார்சலில் வருகிறது, உலகத்தில் அதைப் போல இன்னொன்று கிடையாது, ஒரு கை நீளம். மடித்துப் போட்டுக்கொள். நூறு வயசு நல்லா இருப்பாய், நீ எழுதுகிறது நிலைத்து நிற்கும். மழை நாளில் படிக்கட்டில் பார்த்து இறங்கு.

பால்காரி கை பிடித்துக் கூட்டிவந்த,
உன் மாமன்.