நாய்க்கும் உங்களுக்கும் நடுவில்

என்னங்க,

நீங்கள் இருக்கும் இடத்தில் நாய் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் முதலில் வேண்டிக்கொள்கிறேன். இருந்தால் கட்டிப்போட்டாவது இருக்கட்டும்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நம் கேட்டி ஊரில் இப்போதுதான் வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. குளிர் வருவதற்குள் உங்கள் கறிவேப்பிலைச் செடியை வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும். உங்கள் காரை நான்தான் ஓட்டுகிறேன், ஃப்ரீவேயில்கூட. நம்புவீர்களா? அதெல்லாம் இருக்கட்டும். சொல்ல வந்தது நித்யாவின் சேதி.

உங்கள் மகள் மிருக டாக்டர் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்கிறார்கள். படிக்கப்போகிற படிப்புக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மார்க் இருந்தால் போதாதாம். பெர்சனல் ஸ்டேட்மென்ட் என்று ஒன்று வேண்டுமாம். இந்தப் படிப்பு எனக்கு ஏன் வேண்டும் என்று தன்னைப் பற்றித் தானே ஒரு பக்கம் எழுத வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்று பிள்ளையைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். கிடைத்துவிட்டாலோ வீட்டைவிட்டுப் போய்விடுவாள். சாமி முன்னால் நின்று எதைக் கேட்பது என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரிண்ட் எடுத்து என் கையில் கொடுத்தாள். முதல் வரி என்ன தெரியுமா? ‘என் அப்பாவுக்கு நாய் என்றால் பயம்.’

எனக்கு வந்ததே கோபம்!

“ஏன் நித்யா, ஊர் பேர் தெரியாதவங்க படிக்கிறதுக்கு அப்பாவோட மானத்தை வாங்கோணுமா?”

“அம்மா, இட்ஸ் நாட் லைக் தட். முழுசாப் படிங்க.”

“ஒண்ணும் படிக்க வேண்டாம். போனவரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுது.”

வாக்குவாதம் பண்ணாமல் எழுந்து போனாள். அதுதான் உங்கள் வீட்டு வழக்கமாயிற்றே!

மறுநாள் வேறொன்று எழுதிக் கொண்டுவந்தாள். அதில் ஓர் அப்பா வந்தார். வாயில்லா ஜீவன்களைக் கண்டால் உருகிப்போகிறார். அடிபட்ட குருவியைக் கையில் ஏந்துகிறார். மகளின் தோளில் கைவைத்து உபதேசம் செய்கிறார். படிக்கப் படிக்க எனக்குச் சங்கடமாகிவிட்டது. யாருங்க அந்த மனிதர்? நான் குடித்தனம் நடத்தியது அவரோடு இல்லையே.

முதலில் எழுதியதைத் தேடி எடுத்து, உட்கார்ந்து படித்தேன்.

எல்லாம் எழுதியிருக்கிறாள். மூன்றாவது வீட்டு லாப்ரடாருக்கு நீங்கள் ‘துரை’ என்று பேர் வைத்ததுகூட இருக்கிறது. சாயங்காலம் நடக்கக் கிளம்பும்போது வாசலிலேயே நின்று, “கண்ணு, துரை வெளிய இருக்காரா, பாத்துச் சொல்லு” என்பீர்களே, அதுவும் இருக்கிறது. சின்ன வயதில் கடிபட்டுத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டதை நீங்கள் சட்டையைத் தூக்கிக் காட்டிச் சொல்வதையும் விடவில்லை. துரை பாதிப் பல் போன கிழட்டு நாய், யாரைக் கண்டாலும் வாலாட்டும். உங்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

முதலில் அவள் உங்கள் கையைப் பிடித்து இழுத்தாளாம். நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டீர்களாம். ஒன்றும் செய்யாது என்று சொல்லிப் பார்த்தாளாம். பயம் இன்னும் கூடியதாம். பிறகுதான் வழி கண்டுபிடித்தாளாம். நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் அவள் நடக்க வேண்டும். தொடக்கூடாது, அவசரப்படுத்தக்கூடாது. உங்களுக்குப் பிடித்த டென்னிஸைப் பற்றி மெதுவான குரலில் பேசிக்கொண்டே போக வேண்டும். நீங்கள் துரையின் வீட்டைத் தாண்டிவிடுவீர்கள்.

சனிக்கிழமைகளில் மிருக ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாளே, அங்கே நடுங்கிக்கொண்டு வருகிற நாயிடமும் பூனையிடமும் அதையேதான் செய்கிறாளாம். ‘பயந்துபோன ஓர் உயிரின் பக்கத்தில் எப்படி நிற்பது என்று எனக்குப் பழக்கியது என் அப்பாவின் பயம்தான்’ என்று முடித்திருக்கிறாள்.

எனக்கு உங்கள் ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் உங்கள் படுக்கைக்கும் விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்த அந்த மெஷினுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, யார் யாரிடம் தோற்றார்கள் என்று நித்யா பேசிக்கொண்டே இருந்தாள். இந்த நேரத்தில் என்ன டென்னிஸ் வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் சிரித்தீர்கள். துரையின் வீட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம் என்று உங்களுக்கு அப்போதே தெரிந்ததா? சொல்லுங்களேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவளைக் கூப்பிட்டேன்.

“முதல்ல எழுதுனதையே அனுப்பு.”

“ஆர் யூ ஷ்யூர், அம்மா? உங்களுக்குப் பிடிக்கலைன்னா நான் அனுப்ப மாட்டேன்.”

“அனுப்பு. ஒரு வரி மட்டும் சேத்திக்கோ. பூனைக்கும் பயப்படுவார்.”

விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வரியையும் சேர்த்துவிட்டாள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் தபாலில்தான் போக வேண்டுமாம், அதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு தபாலாபீஸுக்கு இரண்டு பேரும் போனோம். அம்மா கையாலேயே போடட்டும் என்று உறையை என்னிடம் கொடுத்தாள். வாசலில் இருக்கிற நீலத் தபால் பெட்டிவரை போனேன், அதற்குமேல் கால் நகரவில்லை. இது உள்ளே விழுந்தால் அவள் போய்விடுவாள். அந்த வீட்டில் நான் மட்டும்தான். உறைமேல் இருந்த முகவரியைச் சரிபார்ப்பதுபோல் நின்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து, பெட்டிக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டாள். என் கையைப் பிடிக்கவில்லை. “அம்மா, டின்னருக்கு என்ன? அரிசி பருப்புச் சாதம் பண்ணலாமா? நெய் இருக்கா?” என்று பேச ஆரம்பித்தாள்.

நெய் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே உறையைப் போட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்களைத் தைரியசாலி என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். எனக்கும் தைரியம் இருப்பதாக அவளிடம் நடிக்க மாட்டேன். அவள் கிளம்புகிற அன்று வாசலில் நின்று, உங்களைப் போலவே வாய்விட்டுச் சொல்வேன், “பயமா இருக்குது, கண்ணு” என்று. எங்கே வந்து நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

உங்களோடு சேர்ந்து பயப்படும்,
நித்யாவின் அம்மா