எதிர் வீட்டில் என் தூக்கு

ஆவணி 30, திங்கள்

விடியலில் மழை, ஒன்பது மணிக்கு வெயில். முகப்பேர் வீட்டில் முதல் முழு நாள். நேற்றுப் பால் காய்ச்சினோம். புரட்டாசி பிறந்தால் குடி போகக் கூடாதென்று செல்வி அவசரப்படுத்தினாள். மத்தியானமே பூந்தமல்லிக்குக் கிளம்பிவிட்டாள், மாமியார் தேடுவாளாம். பெற்றவளைத் தேட யாரும் இல்லை.

வாங்க: துடைப்பம், தேங்காய்த் துருவி, காலண்டருக்கு ஆணி, எறும்பு மருந்து.

சர்க்கரைப் பொங்கல் இந்த மாடியில் மூன்று வீட்டுக்கும் எடுத்துப் போனேன். ஒரு வீட்டில் ஆள் இல்லை. ஒரு வீட்டில் கதவைத் திறக்காமலே வேண்டாம் என்றார்கள். எதிர் வீட்டுக் கோமதி மட்டும் இரண்டு கையாலும் வாங்கினாள். கழுவித் தருகிறேன் ஆயா என்றாள். என் சின்னத் தூக்கு. குவைத்திலிருந்து முதல் லீவில் வந்தபோது வாங்கி, 'பாக்கியம்' என்று பேர் வெட்டியது. அங்கே எனக்கென்று ஒரே ஒரு தட்டு, அதுவும் சிங்க்குக்கு அடியில் தனியாக.

வாட்ச்மேன் நேற்று வாசலில் மறித்தான். "எந்த ஊட்டு வேலைக்கு வந்துகீற?" என் கையில் என் வீட்டுச் சாவி. இருபத்திரண்டு வருஷம் ஒருத்தர் வீட்டில் துணி துவைத்து வாங்கிய வீடு. இனி அவனோடு பேச்சில்லை. செல்வி காதுகுத்தில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போன நாத்தனாரோடே நான் இன்னும் பேசவில்லை. இவன் யார்?

புரட்டாசி 1, புதன்

வானம் மூட்டம். தூக்கு வரவில்லை. எதிர் வீடு நேற்று சாயங்காலத்திலிருந்து பூட்டு. வெறும் பாத்திரம் திருப்பக் கூடாது, சரி. ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டுப் பூட்டினால் என்ன?

இன்று பேசிய ஆள்: முருங்கைக்காய் விற்கிறவன். இரண்டா மூன்றா என்றான். மூன்று என்றேன். ஒரு ஆளுக்கு எதற்கு மூன்று.

புரட்டாசி 3, வெள்ளி

எழுந்ததுமே லீவு நாள் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. குவைத்தில் வெள்ளி மத்தியானம் இரண்டு மணி நேரம் வெளியே விடுவார்கள். தெருமுனை நிழலில் தமிழ்ப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்வோம். அவரவர் எஜமானியைத் திட்டித் தீர்ப்போம். அந்த ஊரிலும் முதல் ஒரு வருஷம் இப்படித்தான், பேச ஆளில்லாமல். அப்போது பாஷை தெரியாது.

தலை குளித்து, நல்ல புடவை கட்டி, பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன். ஆவடி பஸ் மூன்று போயிற்று. நான்காவதில் கண்டக்டர் ஏறுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வாசலில் வாட்ச்மேன் "யம்மா, உன்கிட்ட ஒரு சேதி" என்றான். காதில் விழாத மாதிரி படியேறினேன். மூன்று மாடி. முட்டி வலி.

எதிரே பூட்டு.

புரட்டாசி 5, ஞாயிறு

செல்வி வரவில்லை. பேத்திக்குப் பரீட்சையாம். முருங்கை சாம்பார், இரண்டு நாள் வரும்.

புரட்டாசி 6, திங்கள்

படியில் கோமதி புருஷன். மொட்டை. மீசையும் இல்லை. தலை நிமிராமல் ஒதுங்கி நின்றான். புரட்டாசி முதல் சனிக்கிழமை, திருப்பதி. அதுதான் பூட்டு. என் பொங்கலைத் தின்றவர்களுக்கு ஒரு விள்ளல் லட்டு கொடுக்க மனசு வரவில்லை. தூக்கும் இல்லை. குறித்துவைத்திருக்கிறேன்.

புரட்டாசி 7, செவ்வாய்

இதை எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

காலையில் போய்க் கதவைத் தட்டினேன். கோமதி வந்தாள். தலை வாரவில்லை. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லையே. "திருப்பதி போயிட்டு வந்தவங்க லட்டு குடுக்கலைனா போவுது, என் தூக்கையாவது குடும்மா" என்றேன். அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

 அவள் மெதுவாக, "திருப்பதி இல்ல ஆயா. மாமனார் தவறிப் பூட்டாரு. தீட்டு ஊட்லருந்து உன் தூக்குல இன்னா போட்டு அனுப்பறது? பதினாறு முடியட்டும்னு கழுவி வச்சிகினு கீறேன்."

உள்ளே போய் எடுத்து வந்தாள். பளபளவென்று தேய்த்திருந்தாள். வெறுமனே நீட்டினாள்.

இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புரட்டாசி 8, புதன்

தூங்கவில்லை. கீழே போய் வாட்ச்மேனிடம் நானே பேசினேன். கிழவர் சேக்காட்டில் பெரிய பிள்ளை வீட்டில் போன வாரம் செவ்வாய்க்கிழமையே போய்விட்டாராம், காரியம் எல்லாம் அங்கேதானாம். "அத சொல்லத்தான் அன்னிக்கு கூப்ட்டேன். நீ திரும்பினா தானே" என்றான். தப்பு அவன் பேரில் பாதி. பாதிதான்.

ரசம் வைத்துக் குழையச் சாதம் பிசைந்து, அதே தூக்கில் எடுத்துப் போனேன். கோமதி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வைத்தேன். வாய் திறக்கப் பயம். நானும் தரையில் உட்கார்ந்தேன்.  எழுந்தபோது துக்க வீட்டில் வருகிறேன் என்று சொல்லக் கூடாதென்பது ஞாபகம் வந்தது. சொல்லாமல் வந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தூக்கை அங்கேயே விட்டுவிட்டேன்.

புரட்டாசி 16, வியாழன்

நல்ல மழை. நேற்றுப் பதினாறு. சேக்காட்டில் முடித்துவிட்டுக் காலையில் வந்து வீடு கழுவினார்கள். தண்ணீர் என் வாசல் வரை வந்தது. இப்போது எதிரே தாளிக்கிற வாசனை. கடுகு, பெருங்காயம்.

செல்வி போன். தனியாக என்னம்மா செய்கிறாய் என்றாள். வேலை இருக்கிறது என்றேன்.

கதவைத் திறந்துவைத்துக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தூக்கைக் கேட்க மாட்டேன். பேர் வெட்டியது. இந்தக் கட்டிடத்தில் இன்னொரு வீட்டிலும் என் பேர் இருக்கிறது, இருக்கட்டும்.

மணி பன்னிரண்டு. எதிரே குக்கர் மூன்று விசில். இறக்கிவிட்டாள்.