பன்னிரண்டு ஏக்கருக்கு அனுமதி

நாரிச்,
6 ஆகஸ்ட் 2019

அன்புள்ள பிப்பா,

எட்டு வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் கையெழுத்து மட்டும் போடும் அண்ணன் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை டெரிக்கும் நலமா?

மண்ணுக்குள் உலோகம் தேடும் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். பன்னிரண்டு ஏக்கர் வயலில் தேட உன் அனுமதி வேண்டும். இப்படித் தேடுபவர்களுக்கான எங்கள் சங்கத்தின் செயலாளர், "ஒங்க தங்கச்சி நெலந்தானே, ஒரு போன் போட்டா முடிஞ்சுது!" என்கிறார். முடியாது. உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் இறங்கினால் அது திருட்டு. உரிமையாளர் நீதான். லத்தீன் வாத்தியாருக்கு மண் எதற்கு என்று அப்பா உயிலில் முடிவு செய்துவிட்டாரே.

எதைத் தேடுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பள்ளிப் பதக்கத்தை. பார்லி அறுவடையை விட்டுவிட்டுப் பரிசு வாங்கப் போனேன் என்று 1979இல் அப்பா என் கழுத்திலிருந்து அதைப் பிடுங்கி அந்த வயலில் எறிந்தார். நீயும் வேலியோரம் நின்றாய். அதை எடுக்காமல் எனக்கு மனம் ஆறாது.

ஒப்பந்தத் தாள் இணைத்துள்ளேன்.

உன் அண்ணன்,
கிளைவ் கேதர்கோல்

எல்ம் பண்ணை,
14 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணா,

சொந்தத் தங்கைக்கு 'மதிப்பிற்குரிய நில உரிமையாளர்' என்று தாள் அனுப்பிய ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். டெரிக் படித்துவிட்டு, "ஒங்கண்ணன் வாத்தியார் வேலைய விட்டாலும் அது அவர விடலியே" என்று சிரித்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். குழிகளை மூடு, கேட்டைச் சாத்து. பழங்காலப் புதைமேட்டுப் பக்கம் கால் வைக்காதே, அது அரசுப் பாதுகாப்பில் இருக்கிறது. கிடைப்பதில் ஆளுக்குப் பாதி என்ற உன் நான்காவது விதியும் சரி. ஒன்றை நான் சேர்த்திருக்கிறேன். வரும்போதும் போகும்போதும் சமையலறைக் கதவைத் தட்ட வேண்டும். கிடைத்ததெல்லாம் என்னிடம் காட்ட வேண்டும், துருப்பிடித்த ஆணி உட்பட.

மாதக் கடைசியில் அறுவடை முடியும். சனிக்கிழமை வா. சூப் இருக்கும்.

அன்புடன்,
பிப்பா

நாரிச்,
8 அக்டோபர்

பிப்பா,

ஐந்து சனிக்கிழமை வந்தேன். முதல் தடவை வாசலிலேயே நின்றேன். "பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வாயேன், கடிச்சிற மாட்டேன்" என்றாய். மூன்றாம் வாரம் கழற்றினேன். பித்தளைப் பொத்தான் பதினாறு, டிராக்டர் கடையாணி ஒன்று, ஜார்ஜ் மன்னர் காலத்துப் பென்னிக் காசு ஒன்று. எல்லாம் காட்டினேன்.

கடந்த சனிக்கிழமை பதக்கம். அதைப் பற்றி முறைப்படி என் குறிப்பேட்டில் எழுதியது இது: ஆழம் மூன்று அங்குலம். ஏர் பட்டு வளைந்திருக்கிறது. நாற்பது வருடம் மண்ணில் கிடந்த வெள்ளி கறுத்திருக்கும், இது கறுக்கவில்லை. எழுத்துகளின் இடுக்கில் வெள்ளைப் பாலிஷ் பொடி. அடியில் இந்த வருடத்துப் பார்லி வைக்கோல், மஞ்சள் நிறம் மாறாமல்.

நான் கதவைத் தட்டியதும் "அய்யோ, கெடச்சிருச்சா!" என்று கத்தினாய். அப்போது என் கை மூடித்தான் இருந்தது.

எத்தனை வருடமாக வைத்திருந்தாய்? என் முதுகுக்குப் பின்னால் எத்தனை பேர் சிரித்தீர்கள்?

கிளைவ்

எல்ம் பண்ணை,
11 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

நான்தான் புதைத்தேன். "வேணாம் பிப்பா, அவரு மண்ண மோந்தே கண்டுபுடிச்சிருவாரு" என்று டெரிக் சொன்னார். கேட்கவில்லை.

அதைக் கண்டெடுத்தது அப்பா. 1983, உழும்போது. குறடு வைத்து நிமிர்த்தப் பார்த்து இன்னும் கெடுத்தார். கொட்டகையில் தேநீர் டப்பாவில் வைத்திருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், நீ வருவதற்கு முந்தின நாள், அதை எடுத்துத் துடைப்பார். "குடுத்துருங்கப்பா" என்பேன். "அவனே கேக்கட்டும். கேட்டாக் குடுக்காமயா போயிருவேன்?" என்பார். நீ கேட்கவில்லை. சாப்பிட்டாய், புத்தகம் படித்தாய், கிளம்பினாய். கடைசியில் அவருடைய அடக்கத்திலிருந்து வீட்டுக்குக்கூட வராமல் போனாய். அந்தக் கோபத்தில் நானும் டப்பாவை மூடிவைத்தேன்.

ஆகஸ்டில் உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். உங்கள் இரண்டு பேரில் ஒருவர் முதல்முறையாக ஒன்றைக் கேட்டிருந்தார். தபாலில் அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் நீ வந்திருக்க மாட்டாய்.

சிரிக்கவில்லை, அண்ணா. யாரும் சிரிக்கவில்லை.

பிப்பா

நாரிச்,
27 அக்டோபர்

அன்புள்ள பிப்பா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் அப்பாவைத் திட்டியிருந்தேன். மூன்றாவதில் பாதிக்கு மேல் என்னைத்தான் திட்டியிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் கொடுக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். முப்பது கிறிஸ்துமஸ், ஒரே மேசையில்.

வயலில் பொருளைப் புதைத்துவைப்பது எங்கள் சங்கத்தில் பெரும் குற்றம். உன்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. குறிப்பேட்டில் 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதிவிட்டேன்.

நான்காவது விதிப்படி இதில் பாதி உனக்கு. வெட்ட முடியாது. ஆகவே ஒரு மாதம் என்னிடம், ஒரு மாதம் உன்னிடம். தபாலை நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் நானே கொண்டுவர வேண்டும்.

அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். கேட்கிறேன்.

உன் அண்ணன்,
கிளைவ்